கயித்தோட அந்த முனை

வள்ளம் போயிட்டு ஏட்டையா. அவ்வளவுதான். நான் கட்டல, அது போயிட்டு. ஒரு வரியில எழுதலாம். என்னத்துக்கு மூணாவது தாளு எடுக்கிய?

தீ வச்சது நாந்தான். இல்லைன்னு சொன்னனா? வான்தீவுல காஞ்ச முள்ளக் கூட்டிக் கொளுத்தினேன். பொகையப் பாத்து எவனாவது வருவான்னுதான். இந்தச் சண்ட நேரத்துல சப்பான்காரனுக்குச் சாடை காட்ட எனக்கென்ன கிறுக்கா? அவன் வந்து எனக்குச் சோறா போடப்போறான்?

அதச் சொல்ல மாட்டேன். யாரு கூட்டியாந்தா என்ன, வந்துட்டேம்லா. சாட்சிக்குப் பேரு சொல்லலன்னா பாளையங்கோட்டை செயிலா? அனுப்புங்க. நாலு வருசமா அந்தப் பேரு என் வாயில வரல. ஒங்களுக்காக வருமாக்கும்?

தனியாத்தான் போனேன். சுத்திப் பாக்க. ஏன், துரைமாருதான் தீவு பாக்கணுமா? நான் சங்கு குளிச்ச ஆளு. அங்கன கடலுக்கடி பூராவும் எனக்குத் தெரியும். மேல மட்டும் கால் வச்சதில்ல. வச்சேன். என்ன கெடக்கு? முள்ளு. நண்டு. பறவப் பீ. செத்த ஆமை ஒண்ணு, ஒங்க இன்ஸ்பெக்டர் கணக்கா மல்லாக்கக் கெடந்துச்சு. இத எழுதிராதீங்க.

ஒரு சுத்து சுத்திட்டு வந்தா, வள்ளம் அந்தா போகுது. கலியாணத்துக்குப் போறவ மாதிரி ஆடி ஆடிப் போகுது. தண்ணிக் கலயமும் அதுலதான். அந்தோணியாரக் கூப்பிட்டேன். காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுப்பாராம். கண்ணு முன்னால போறதுக்கு அவரு பொறுப்பில்ல போல. மடியில தீப்பெட்டி இருந்துச்சு. அதான் பொகை.

சிரிக்காதீங்க. முப்பத்தஞ்சு வருசம் கடலுக்குப் போனவன் வள்ளத்தக் கட்ட மாட்டானான்னு கேக்கிய. மாட்டான். எங்காளுகள்ள சங்கு குளிக்கவனுக்கு வள்ளத்துல நின்னு கயிறு பிடிக்கது பொண்டாட்டி கூடப் பொறந்தவன். மச்சான். அவன்னாத்தான் கைய விட மாட்டான். அக்கா தாலி அறுக்கச் சம்மதிப்பானா? நான் முங்கிருவேன். கயித்தோட ஒரு முனை எங்கூட, அந்த முனை அவன் கையில. நங்கூரம், முடிச்சு, கட்டுறது எல்லாம் மேல நிக்கவன் சோலி. தீவுல எறங்கினேன், கயித்தப் பின்னால நீட்டினேன், திரும்பிப் பாக்காம நடந்துட்டேன். கைப் பழக்கம். வாங்க ஆளில்லங்கது பெறகுதான் புத்தியில பட்டுச்சு.

எங்க போனானா? நாந்தான் வெரட்டினேன். எம் பொண்டாட்டி கித்தேரி செத்து, முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச கையோட சொன்னேன். ஏலே, ஒங்கக்கா இல்ல. இனி நான் தண்ணிக்குள்ள கெடந்து செத்தா ஒனக்கென்ன போச்சு? கயித்த வச்சிட்டுப் போலேன்னேன். வச்சிட்டுப் போயிட்டான். அதோட நானும் கடலுக்குப் போகல. வேற எவன் கைய நம்ப? வீட்டுலயே கெடந்து அலுத்துப்போச்சு. அவன் இல்லாம ஒரே ஒரு நாளு போயிட்டு வந்துறணும்னு தோணுச்சு. அதுக்குத்தான் ஏட்டையா தீவு. பாக்க அங்கன என்ன மயிரு இருக்கு?

பொழுது சாய வந்தான். ஆளில்லாத என் வள்ளம் கடல்ல அம்புட்டிருக்கு, அதையும் பின்னால கட்டி இழுத்துட்டு வந்துட்டான். தூர நின்னுக்கிட்டே கயித்த எம் மூஞ்சியில எறிஞ்சான். பிடிச்சேன். இழுத்தான்.

தாலி அறுக்க அக்காவும் இல்ல. என்ன எழவுக்கு வந்தான்?

எங்க, அந்தப் பேனாவ எடுங்க. எழுதுங்க. தொம்மை. எம் மச்சான் தொம்மை.