கடைசி நாற்காலி

— இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு முன்னாடி முன்னாடி ஓடினா எப்படிடி? சாப்பாட்டுத் தூக்கு கையை இழுக்குது. கொஞ்சம் நில்லு.

— நின்னா பஸ் போயிடும்மா.

— போனா அடுத்தது வரும். இங்கே திரும்பு. அழுதியா?

— இல்லை.

— கன்னமெல்லாம் கோடு கோடா இருக்கு, இல்லையாம்! கேட்கிறதை இங்கேயே கேட்டுடு. வீட்டுக்குப் போய் அப்பா முன்னாடி ஆரம்பிக்காதே.

— தண்ணி கொண்டு வரச் சொல்லி என்னை எதுக்கும்மா கூப்பிட்டே?

— விருந்தாளிக்குத் தாகம்.

— உன் கைக்கிட்டேயே ஜாடி நிறையத் தண்ணி இருந்துச்சு. நான் பார்த்தேன்.

— பார்த்துட்டே, அப்புறம் என்ன கேள்வி?

— மியூசிக்கல் சேர்ல பதினாலு பேர்மா. பன்னெண்டு பேர் அவுட். நானும் பாப்பாவும்தான் பாக்கி. ஒரே ஒரு நாற்காலி. அந்த நேரம் பார்த்தா தாகம் எடுக்கும்?

— அதுக்குத்தான்டி கூப்பிட்டேன். அவ பிறந்த நாள், அவ வீடு, அவ நாற்காலி. நீ போய் அதுல உக்காந்தா நல்லாவா இருக்கும்?

— விளையாட்டுதானேம்மா?

— அவங்களுக்கு விளையாட்டு. நமக்கு அது நான் சமையல் வேலை பார்க்கிற வீடு.

— பாப்பாதான் வா வான்னு கையைப் பிடிச்சு இழுத்தா.

— குழந்தை கூப்பிடும். அதுக்குன்னு? அவங்க அம்மா முகத்தையே நான் பார்த்துக்கிட்டிருந்தேன். பத்து பேர் இருக்கிற வரைக்கும் நல்லாத்தான் சிரிச்சாங்க. நாலு பேர்னு ஆனதும் சிரிப்பு குறைஞ்சுது. நீங்க ரெண்டு பேர்னு ஆனதும் பல்லு மட்டும்தான் தெரிஞ்சுது.

— பாப்பா ஜெயிச்சதும் என் தலையைத் தடவி, 'நல்ல பொண்ணு'ன்னாங்க.

— பார்த்தியா!

— தோத்ததுக்கா நல்ல பொண்ணு?

— வாயாடி! இந்தா, தூக்கை ஒரு பக்கம் பிடி. நீ போட்டிருக்கிற கவுன் யாரோடது? உனக்குப் பள்ளிக்கூடத்துல இடம் கிடைச்சது யார் எழுதிக் கொடுத்த கடிதத்தால? ஏறின ஏணியை எட்டி உதைக்கக் கூடாது.

— நான் எங்கேம்மா உதைச்சேன்? சுத்திச் சுத்தி ஓடினேன், அவ்வளவுதான்.

— சரி சரி. நிழல்ல வந்து நில்லு.

— அம்மா, பாப்பா முதல் முதலா பேசினப்போ உன்னைப் பார்த்துத்தான் 'ம்மா'ன்னாளாமே? எல்லார்கிட்டேயும் சொல்லிச் சிரிச்சா.

— ஆமா. தவழ்ற நாள்லேர்ந்து என் இடுப்புலதானே இருந்தா. அன்னைக்கு அவங்க அம்மா ரெண்டு நாள் என்கூடப் பேசலை.

— நான் முதல்ல என்ன பேசினேன்?

— நீயா? எதிர்வீட்டு அத்தைகிட்டே உன்னை விட்டுட்டுப் போவேன்ல, அவங்களைக் கேட்டாத் தெரியும்.

— உனக்குத் தெரியாதா?

— நான் வீடு திரும்பறதுக்குள்ள நீ தூங்கியிருப்பே, கண்ணு.

— ஓ.

— அப்படிப் பார்க்காதடி. இந்தக் கல்லுல உக்காரு, ஒண்ணு சொல்றேன். உன் வயசுல நானும் எங்கம்மா கூட ஒரு பெரிய வீட்டுக்குப் போவேன். அந்த வீட்டுப் பொண்ணுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஆள் வரும். துணி மடிச்சுக்கிட்டே நானும் கேட்பேன். ஒரு நாள் விருந்தாளிங்க முன்னாடி அந்தப் பொண்ணு பாதிப் பாட்டுல மறந்துபோய் நின்னுட்டா. நான் வாசப்படியில நின்னபடியே மீதியைப் பாடிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க.

— நீ பாடுவியா?

— பாடினேன். மறு வாரமே எங்கம்மாவை வர வேண்டாம்னுட்டாங்க. எங்கம்மா அடிக்கலை, திட்டலை. 'நமக்கு வாய் சாப்பிடறதுக்குத்தான்'னு ஒரே ஒரு வார்த்தை. அதோட சரி. உன்னைத் தூங்க வைக்கக்கூட நான் பாடினதில்லை.

— அதனாலதான் இன்னைக்குக் கூப்பிட்டியா?

— அடுப்படியில நின்னு எட்டிப் பார்த்தேன். நீயும் அந்த ஒத்தை நாற்காலியும்தான் கண்ணுல பட்டுச்சு. என்ன ஏதுன்னு யோசிக்கிறதுக்குள்ள கத்திட்டேன்.

— அம்மா, அழாதே. ரோட்டுல போறவங்க பார்க்கிறாங்க.

— பார்க்கட்டும். தப்புதான்டி, என் தங்கமே. உன்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாது. அடுத்த வருஷம் நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கிறேன், வாயே திறக்க மாட்டேன். பாட்டு நின்னதும் நீ போய் ஜம்முனு உக்காரு. வர்றதை நான் பார்த்துக்கிறேன். கோபம் போச்சா?

— எனக்கு உன் மேல கோபமே இல்லைம்மா.

— பின்னே எதுக்கு அழுதே?

— பாட்டு நின்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் நீ கூப்பிட்டே. அப்போ நாற்காலி என் முட்டியை இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பாப்பா அந்தப் பக்கம் தூரத்துல இருந்தா.

— அப்புறம் ஏன்டி உக்காரலை?

— தெரியலைம்மா. உக்காரவே வரலை. சும்மா நின்னுக்கிட்டிருந்தேன். நீ கூப்பிட்டதும்தான் அப்பாடான்னு இருந்துச்சு.