கீழ்வீட்டுக்காரர்

சாவியைத் தொலைத்தால் ஊரே திட்டும். தொலைக்காமல் பத்திரமாக வைத்திருந்தால் ஒருவரும் பாராட்ட மாட்டார்கள். எங்கள் அப்பா அடிக்கடி சொல்வது இது, மேடம். நாங்கள் இருக்கும் நான்கு மாடிக் கட்டடத்துக்கு அவர்தான் வாட்ச்மேன். மொட்டைமாடிக் கதவு, மோட்டார் அறை, மீட்டர் பெட்டி என்று எல்லாச் சாவியும் கேட்டுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஒற்றை அறையில்தான் ஆணியில் தொங்கும். அதனால்தான் எனக்குச் சாவி என்று பெயர். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரமில்லை.

கூட்டாளிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மாடி தையல்காரர் மகள் குண்டூசி. ஆளும் அப்படி, பேச்சும் அப்படி. மூன்றாவது மாடி டீச்சர் மகன் மைக்செட். அவன் ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். நான்காவது மாடி நர்ஸம்மாவின் ஒரே பையன் வாலு. அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று விளக்க வேண்டியதில்லை. நான்காவது ஆள் நான். அப்போது எங்களுக்குப் பத்து வயது இருக்கும்.

அவர்கள் மூவரும் வாடகை கொடுத்து இருக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நான் வாட்ச்மேன் பிள்ளை. அவர்கள் என்னை ஒதுக்கினார்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஆட்டத்தில் ஆள் குறைந்தால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். ஒப்புக்குச் சப்பாணி என்பார்களே, அது. அது எனக்கு வலித்தது, மேடம். படிக்கட்டில் அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டுக்காரர் வந்தார்.

கட்டடத்தில் குப்பை போட ஒரு பெரிய குழாய் உண்டு. ஒவ்வொரு மாடியிலும் சுவரில் ஒரு தகர மூடி இருக்கும். அதைத் திறந்து போட்டால் குப்பை நேரே தரைக்கடியில் இருக்கும் குப்பை அறையில் போய் விழும். வண்டிக்காரர் வாசலுக்கே வந்து குப்பை எடுக்க ஆரம்பித்த பிறகு குழாயை யாரும் தொடவில்லை. மூடிகளைத் திருகாணி போட்டு இறுக்கிவிட்டார்கள். நான்காவது மாடிக்கு மேல், மொட்டைமாடிக்குப் போகிற திருப்பத்தில் இருந்த மூடிக்கு மட்டும் திருகாணி லூஸ். கீழே குப்பை அறையில் நின்று பேசினால் மேலே அந்த மூடி வழியாகக் குரல் கேட்கும். நம் குரல் மாதிரியே இருக்காது. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பெரிய மனுஷன் பேசுவது மாதிரி இருக்கும். இதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன்.

அப்புறம் என்ன, பேய்க்கு ஒரு மரியாதை வேண்டுமில்லையா. கீழ்வீட்டுக்காரர் என்று நான்தான் பெயர் வைத்தேன். மூடியருகே அவர்களை உட்கார வைத்துவிட்டு, "அப்பா கூப்புடுறாரு" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடுவேன். குப்பை அறையைத் திறந்து, கீழ்வீட்டுக்காரராகப் பேசிவிட்டு, மூச்சு வாங்க மேலே வந்து, "என்னடா சொன்னாரு?" என்று கேட்பேன். மூவரும் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். கீழ்வீட்டுக்காரருக்குப் பிஸ்கட் என்றால் உயிர். எனக்கும்தான். அவர்கள் குழாயில் போடுகிற பிஸ்கட்டைக் கீழே நின்று பொறுக்கித் தின்ற அந்த நாட்களைப் போல எனக்கு ஒரு நல்ல காலம் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

வாலு ஒருநாள் என் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டான். நான் குழாய்க்குள் தலையை விட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடப்பாவி, நீதானா? எங்க பிஸ்கட்டெல்லாம் உன் வயித்துக்குள்ளயா? இரு இரு, மேல போய்ச் சொல்றேன்."

அவன் கெட்டவன் இல்லை. சொல்லிச் சிரித்துவிட்டு மறந்திருப்பான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவன் சொல்லிவிட்டால் கீழ்வீட்டுக்காரர் இல்லை. அவர் இல்லையென்றால் அந்தத் திருப்பத்தில் நாலு பேர் சேர்ந்து உட்கார ஒரு காரணமும் இல்லை. நாலு பேருக்கும் இருந்த ஒன்றை ஒருத்தன் விளையாட்டாகக் கெடுக்கப் பார்த்தான். அவனை உள்ளே விட்டு நான் வெளியே வந்து இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டினேன். அவன் சிரிப்பு அடங்கட்டும் என்றுதான்.

மேலே போனேன். மற்ற இருவரும் மூடியருகே உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் குழாய் பேச ஆரம்பித்தது.

உள்ளதைச் சொல்கிறேன், மேடம், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதுவரை அந்தக் குரலைப் பேசத்தான் தெரியும், மேலே நின்று கேட்டதில்லை. "நான்தான்டா, வாலு, கதவத் தொறங்கடா" என்றது. அத்தனை கனமான குரல். குண்டூசி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரர் யாரைப் பிடிக்கிறாரோ அவர் குரலிலேயே பேசுவார், பதில் பேசினால் அடுத்தது நாம்தான் என்று நான் விளக்கினேன். அவர்கள் நம்பினார்கள். அன்று மாலை முழுக்க இருவரும் என்னை விட்டு நகரவில்லை.

ராத்திரி வாலுவைக் காணோம் என்று நர்ஸம்மா கட்டடம் முழுக்கக் கதவு தட்டினார். அவர் புருஷன் லாரி டிரைவர். சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தவர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டியிருந்தவர். சாயங்காலம் யாராவது வந்தார்களா என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் என்னைக் கேட்டார்கள். கேட் பக்கம் ஒரு லாரி நின்றது என்று சொன்னேன். நின்றதுதான். எதிர்வீட்டு வேலைக்கு மணல் கொண்டுவந்த லாரி. யாருடைய லாரி என்று அவர்கள் கேட்கவில்லை. நர்ஸம்மாவின் புருஷனைப் பிடித்து வைத்து விசாரித்தார்கள். கட்டடத்துக்குள் தேட யாருக்கும் தோன்றவில்லை.

மைக்செட் மட்டும் அவன் அம்மாவிடம் போய்க் குழாய்க்குள் வாலு பேசுகிறான் என்று சொன்னான். டீச்சர் ஓங்கி ஓர் அறை விட்டார்களாம். "புள்ளையக் காணோம்னு அவங்க உசுர விட்டுட்டிருக்காங்க, உனக்குப் பேய்க்கத கேக்குதா?" அதற்குப் பிறகு அவன் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

குண்டூசி பயந்தாலும் தினமும் பிஸ்கட் கொண்டுவந்து குழாயில் போட்டாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழுதான், பிஸ்கட் கிடைத்தது. குடிக்கவும் குறைவில்லை, மோட்டார் பைப் குப்பை அறைச் சுவரில்தான் கசியும். நான் அவனைப் பட்டினி போட்டேன் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். திறந்துவிடவும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் ஒவ்வொரு நாள் கழியும்போதும் அவன் போய்ச் சொல்லப் போகிற கதை பெரிதாகிக்கொண்டே போனது. முதலில் பிஸ்கட் திருடினேன் என்றுதான் சொல்லியிருப்பான். இப்போது என்னென்ன சொல்வானோ.

அப்புறம் குண்டூசிக்குக் காய்ச்சல் வந்தது. தூக்கத்தில் உளறுகிறாள் என்று அவள் அம்மா சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது. தீனி போடப் போடத்தான் கீழ்வீட்டுக்காரருக்குப் பசி கூடும், இனி போடாதே என்று சொன்னேன். அவள் உடம்பை உத்தேசித்துத்தான் சொன்னேன். அவளும் நிறுத்திவிட்டாள், காய்ச்சலும் விட்டது.

எலித் தொல்லைக்காகக் குப்பை அறைக் கதவைச் செங்கல் வைத்து அடைப்பதென்று குடியிருப்போர் சங்கம் எப்போதோ முடிவு செய்திருந்தது. அப்பா மறந்திருந்தார். நான் ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான். கொத்தனார் வந்தார். "உள்ள ஏதாவது கெடக்கா தம்பி?" என்று கேட்டார். "பழைய டப்பாதாண்ணே, நான் பாத்துட்டேன்" என்றேன். என் பேச்சில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. சாவி தொலைக்காத பையன் இல்லையா. மேல் மூடியையும் சிமெண்ட் வைத்துப் பூசச் சொன்னது என் யோசனை. கொஞ்ச நாள் கழித்து ஒரு வாடை வந்தது. எலி செத்திருக்கும், நல்லவேளை அடைத்தோம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் இருவரும் என்னைவிட்டுப் பிரிந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை மட்டுமல்ல, ஒருவரை ஒருவரும்தான். குண்டூசி வீட்டார் அடுத்த தெருவுக்குக் குடிபோனார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தும் எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். நண்பன் குரல் கேட்டும் காதைப் பொத்திக்கொண்டோமே என்ற குறுகுறுப்பு. ஏழு வருஷம் அப்படியே போனது.

நர்ஸம்மாவைத்தான் நான் பார்த்துக்கொண்டேன். பல்பு மாற்றுவது, தண்ணீர் கேன் தூக்கி வைப்பது எல்லாம் நான்தான். நைட் டூட்டிக்குப் போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுப்பார். "அவன் வந்தா கதவு பூட்டியிருக்கக் கூடாதுடா கண்ணா, உடனே தொறந்து விட்டுடு" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் சரி என்பேன்.

போன வாரம் கட்டடத்துக்கு லிஃப்ட் வைக்கப்போகிறோம், அந்தக் குழாயை இடிக்கப்போகிறோம் என்று சங்கத்தில் அறிவித்தார்கள். மைக்செட் போய்க் குண்டூசியிடம் சொல்லியிருக்கிறான். அவள் மத்தியானம் வந்தாள், என்னையும் கூப்பிட்டாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு அதே திருப்பத்தில் மூவரும் உட்கார்ந்தோம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

குண்டூசி சுற்றி வளைக்கவில்லை. "கீழ்வீட்டுக்காரர் பேசுனப்பல்லாம் நீ எங்ககூட இல்லடா. அப்பா கூப்புடுறாருன்னு போயிடுவ. வாலு காணாமப் போன அன்னிலேருந்துதான் நீ எங்க பக்கத்துலயே நின்ன. அப்பவும் குரல் வந்துச்சு."

மைக்செட் மெதுவாகக் கேட்டான். "நீ மேல இருந்தீன்னா, அப்ப கீழ இருந்தது யாருடா?"

பேய்க்கதையை ஏழு வருஷம் தூக்கிச் சுமந்தவர்கள் ஒரு மத்தியானத்தில் இறக்கி வைத்துவிட்டார்கள். கெட்டிக்காரர்கள், நான் எப்போதும் சொல்வேன். சுவரை உடைக்க வேண்டும் என்றார்கள். கடப்பாரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இரும்புக் கதவின் சாவி ஆணியிலேயே இருந்தது. துரு ஏறியிருந்தாலும் திறந்தது.

உள்ளே என்ன இருந்தது என்று நீங்களே பார்த்தீர்கள். குண்டூசி காலடியில் கிடந்த பிஸ்கட் கவர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் காலி. "நான் போட்டதத் தின்னுருக்கான்டா. நான் நிறுத்திட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மைக்செட் அவளைப் பிடித்துக்கொண்டான். சத்தம் கேட்டு நர்ஸம்மா இறங்கி வந்தார். என்னைத் தாண்டி உள்ளே போனார்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான்: கொத்தனார் வேலை செய்தபோது அவன் உயிரோடு இருந்தானா? அதற்கு நேராகப் பதில் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கொத்தனார் செங்கல்லை அடுக்கி முடிக்கும்வரை நான் பக்கத்து அறையில் மோட்டாரை ஓடவிட்டேன். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. அதற்காகத்தான் போட்டேன். மேலே தொட்டி நிறைந்து, தண்ணீர் மாடிப்படியெல்லாம் வழிந்து ஓடியது. அப்பா கண்டபடி திட்டினார். அவ்வளவு தண்ணீரை வீணாக்கியது என் தவறுதான். அதை நான் என்றைக்கும் மறுக்க மாட்டேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், சொல்லுங்கள்.

வரும்போது பார்த்தேன், வெளியே பெஞ்சில் நர்ஸம்மா உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கம் குண்டூசி, இன்னொரு பக்கம் மைக்செட், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு. ஏழு வருஷமாக முகம் பார்க்காதவர்கள். என்னால்தானே மறுபடி சேர்ந்தார்கள். வேலை முடிந்தால் நானும் அங்கே போகலாமா, மேடம்? பெஞ்சின் ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்காகத்தான் இருக்கும்.