முத்துவீரனுக்கு அனுப்பிய அழைப்புகள்

வெற்றிலைக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்தது ஒழுங்காக அடுக்கிய கோப்புதான். பெல்மதுளைச் சந்தியில் ஆணி, பெயின்ற் விற்கும் கடை என்னுடையது. பெயர் மயில்வாகனம். எங்கள் வட்டாரக் கரப்பந்துச் சங்கத்துக்குப் பதினாறு ஆண்டுகளாக நானே செயலாளர். இத்தனைக்கும் ஒரு நாளாவது பந்தைத் தொட்டவன் இல்லை. ஆடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒழுங்காகக் கடிதம் எழுதத் தெரிந்தவன் நான். குழுவில் இருந்த ஒரே தமிழனும் நான்தான். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை.

2001இல் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. ஆடுகிற பொடியன்களில் பாதிப்பேர் தோட்டத்துத் தமிழர், பயிற்றுவிப்பாளர் மட்டும் எப்போதும் டவுன்காரராகவே இருக்கிறாரே என்று யாரோ முறைப்பாடு செய்திருந்தார்கள். இனி அந்தப் பதவிக்கு ஆள் எடுக்கும்போது தோட்டத்துத் தமிழர் ஒருவரையாவது நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தே ஆகவேண்டும். அழைக்க வேண்டும் என்றுதான் இருந்தது. எடுக்க வேண்டும் என்று இல்லை. தலைவர் விக்கிரமரத்ன, உங்கள் ஆள் ஒருவரைப் பிடியுங்கள் என்று என்னிடம் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்படிப் பிடித்த ஆள்தான் முத்துவீரன். ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை பெக்டரி வேலை. காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக் களத்தில் சாயந்தரம் வலை கட்டிப் பொடியன்களைப் பழக்குவார். அவர் பழக்கியவர்கள் மூன்று வருடம் கேடயம் வென்றார்கள். நான்கு தடவை அவரை அழைத்தோம். பதவி யாருக்கு என்பது ஒவ்வொரு தடவையும் முன்பே முடிவாகியிருக்கும். அவர் கேள்விக்குப் பதில் சொல்வார், தேநீர் குடிப்பார், போவார். வழியனுப்பும்போது, "அடுத்த தடவை பார்ப்போம் முத்துவீரன்" என்பேன். அதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

அவருக்கு அடையாள அட்டை இல்லை. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், பிரசாவுரிமைப் பத்திரத்தில் இன்னொன்று. விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பிவிட்டது. மலையில் இப்படி எத்தனையோ பேர். சீல் வைத்த ஏதாவதொரு கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். யுத்த காலம் அல்லவா, சோதனைச் சாவடியில் கேட்டால் காட்ட வேண்டும்.

"சீல நல்லா அமுக்கி வச்சுக் குடுங்க மொதலாளி. ஒங்க போன் நம்பரும் இருக்கட்டும். கேட்டா காட்டிக்குவேன்" என்பார். நான் நன்றாகவே அமுக்கி வைத்துக் கொடுத்தேன்.

2007 ஆனியில் ஐந்தாம் தடவை பதவி காலியானது. பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு விக்கிரமரத்ன கடைக்கு வந்தார். பொடியன்கள் அந்தத் தோட்டத்து மனிதனின் பேச்சைத்தான் கேட்கிறார்கள், இந்த முறை அவனுக்கே கொடுத்துவிடுவோம் என்றார். பயிற்றுவிப்பாளருக்குக் குழுவில் இடம் உண்டு. தமிழருக்கு ஒருவர் கிடைத்துவிட்டார், இனி நீங்களும் ஓய்வெடுக்கலாம் முதலாளி என்று என் தோளில் தட்டினார். நல்ல யோசனை என்றேன்.

குழுவில் எனக்கிருந்த அந்த நாற்காலியைப் பற்றி நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். கலவரம் வரப்போகிறது என்று சந்தியில் பேச்சு எழும்போதெல்லாம் என் கடைக் கதவில் கல் விழாமல் இருந்தது அந்த நாற்காலியால்தான் என்று நம்பியிருந்தேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பரீட்சை. முத்துவீரன் வரவில்லை. மற்றவர்கள் எழுந்தபோதும் நான்தான் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று பத்தே முக்கால் வரை உட்கார வைத்தேன். பிறகு அவர் பெயருக்கு எதிரே 'சமூகமளிக்கவில்லை' என்று எழுதினேன். பதவி டவுன்காரர் ஒருவருக்குப் போனது.

திங்கட்கிழமை அவர் மனைவி ஜெயம்மா கடை வாசலில் நின்றாள்.

"ஏழு மணி பஸ்ஸுல போனாருங்க மொதலாளி. இன்னும் வூட்டுக்கு வரல. ஒங்க கடுதாசியக் கையில வச்சிருந்தாரு."

"இங்க வரவே இல்லையேம்மா. நாங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோமே."

"சாவடியில போய்க் கேட்டா, அப்புடி யாரையும் யாரும் கூப்புடலன்னு சொல்றாங்க. நீங்க கூப்புட்டதுக்கு ஒரு காப்பி இருந்தா குடுங்க, கொண்டுபோய்க் காட்டுறேன்."

காப்பி வைத்துக்கொள்ளவில்லை என்றேன். அது என் மேசையில், பச்சைக் கோப்பில், மேலேயே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கடைத் தொலைபேசி அடித்தது. வழியிலிருந்த ஒரு சோதனைச் சாவடியிலிருந்து பேசினார்கள். முத்துவீரன் என்பவன் உங்கள் சங்கத்துக் கடிதத்தைக் காட்டுகிறான், நீங்கள் அழைத்த ஆள்தானா என்று கேட்டார்கள். பின்னால் அவருடைய குரல் கேட்டது. "மொதலாளிக்கு என்னையத் தெரியுங்க. எம் பேரச் சொல்லுங்க, அவரு சொல்லுவாரு." பதறவில்லை, பஸ்ஸில் மிச்சக் காசு கேட்பவரைப் போலத்தான் பேசினார். நான் நல்ல சிங்களத்தில் பதில் சொன்னேன். அப்படி ஒருவரை நாங்கள் அழைக்கவில்லை, கடிதம் எங்களுடையது அல்ல.

இரண்டு மணி நேரம் இருத்தி வைத்துவிட்டு விடுவார்கள் என்று நினைத்தேன். பரீட்சை தவறினால் போதும், வேறு எந்தக் கெடுதலும் நான் நினைக்கவில்லை. மத்தியானம் திருப்பிப் பேசி, மறதியில் சொல்லிவிட்டேன் என்றிருக்கலாம். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்களே என்று பயந்தேன். மறுநாள் பயம் கூடியது. அதற்கு மறுநாள், சொல்லிப் பயனில்லை என்று தோன்றியது. இப்போது தொலைபேசியை எடுத்தாலே, யார் பேசினாலும், பின்னால் அந்தக் குரல் நிதானமாகத் தன் பெயரைச் சொல்லச் சொல்கிறது. இணைப்பைத் துண்டித்துவிட்டேன். ஆனாலும் ஒன்பது மணிக்குக் காது அந்தப் பக்கமே போகிறது.

டவுன்காரர் ஒரு வருடத்தில் விலகினார். மறுபடி பரீட்சை. சுற்றுநிருபப்படி தோட்டத்துத் தமிழர் ஒருவருக்குக் கடிதம் போக வேண்டும். புதிதாக ஒருவரை அழைத்து, அவரும் கெட்டிக்காரராக இருந்துவிட்டால் என்ன செய்வது? முத்துவீரன் பெயருக்கே அனுப்பினேன். 'சமூகமளிக்கவில்லை.' குழுவில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

இந்த வருடம் அனுப்பியபோது ஜெயம்மா வந்துவிட்டாள். நல்ல சேலை கட்டி, கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, மண்டப வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"நீங்க கூப்புட்டிருக்கீங்கன்னா அவரு எங்கயோ இருக்காருன்னுதானுங்களே மொதலாளி? எங்கேருந்து வருவாரு? எந்தப் பக்கம் பாத்து நிக்கட்டும்?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முடிந்து வெளியே வந்தபோதும் அவள் ரோட்டின் இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றாள். உங்களிடம் முறைப்பாடு செய்தது அவளாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அவள்மேல் கோபமில்லை.

கோப்பை இத்துடன் வைக்கிறேன். ஏழு கடிதங்களின் காப்பியும் திகதி வரிசையில் இருக்கின்றன. தமிழன் என்ற முறையில் என் கடமையை நான் எப்படிச் செய்தேன் என்பதை நீங்களே பார்க்கலாம்: முத்துவீரனை அழைக்க நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.