நாளைக்கு கேட்டில் யார் நிற்பது?

மேடையில் அமர்ந்திருக்கும் நம் போதை மறுவாழ்வு மையத் தலைவர் அதாவுல்லா பாய் அவர்களே, ஆம்பூர்த் தொழிலாளர் பெருமக்களே, தாய்மார்களே, வணக்கம். பேசத் தெரிந்தவர்கள் பலர் இருக்க, என்னை அழைத்துவிட்டீர்கள். எழுதி வந்த குறிப்பைப் பார்த்துத்தான் பேசப்போகிறேன்.

நம் மையத்தின் டாக்டர் குர்ஷித் அம்மையார் நம்மை விட்டுப் போய்விட்டார்! போதையில் விழுந்தவர்களை அவர் எழுப்பி நிறுத்தியதை எல்லோரும் அறிவீர்கள். அதற்குப் பிறகு, அவர்களுடைய கம்பெனி வாசல்களுக்கு அவர் நடந்த நடையை எத்தனை பேர் அறிவீர்கள்?

இன்பராஜின் அனுமதியோடு சொல்கிறேன். ஷூ கம்பெனியில் பேஸ்டிங் மேசையில் இருந்தவர் அவர். அடிப்பாகத்தை ஒட்டும் பசையின் வாடையே அவருக்குப் போதையாகிவிட்டது. குணமாகி அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, அம்மையாரோடு, மையத்தில் அவருக்கு உதவியாக இருந்த நானும் போனேன். பின்னால் நின்றேன் என்பதே சரி. சூப்பர்வைசர் கோதண்டராமன் விடவில்லை.

“மோந்து பாக்கறது அவன் இஷ்டம் மேடம். டப்பாவ நாங்களா மூக்குல கட்டி வுட்டோம்?”

“சக்கரைக்காரன மக்கன்பேடா கடையில உக்கார வச்சிட்டு, தின்னா அவன் இஷ்டம்னுவியா தம்பி?”

“அப்ப இது சீக்கா?”

“சீக்குதான். மருந்த அவன்தான் முழுங்கணும். கடைய நீதான் மாத்தணும்.”

கோதண்டராமன் சிரித்துவிட்டார். இன்பராஜ் பசை வாடை இல்லாத பேக்கிங்குக்கு மாறினார்.

நோயா, விருப்பமா? கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். அந்தப் பசையின் ஆவி மூளையை என்ன செய்யும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியும். விருப்பம் எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட என்னால் முடியாது. அம்மையார் கோடு போடவில்லை, வாசலுக்குப் போனார்.

இன்று இந்தக் கூட்டத்துக்கு வரும்போது வாசலில் இன்பராஜின் தாய் முனியம்மா என் கையைப் பிடித்தார். “பேக்கிங்ல ஆள் ஜாஸ்தியாம் சார். நாளைக்கு மறுபடி பேஸ்டிங்காம். டாக்டரம்மாவும் இல்ல. இன்னா பண்றது?”

அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை. திறந்த பசை டப்பாவின் முன்னால் இன்பராஜின் உறுதி எவ்வளவு நேரம் தாங்கும்? பயமாக இருக்கிறது, ஐயா! எனக்குப் பயமாக இருக்கிறது!

கோதண்டராமன் அவர்களே, நீங்களும் அஞ்சலி செலுத்த வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். நாளைக் காலை சங்கு ஊதும் முன் உங்கள் கேட்டில் நான் நிற்பேன். இன்பராஜுக்காக மட்டுமல்ல, இனி குணமாகி வரும் ஒவ்வொருவருக்காகவும் நிற்பேன். அம்மையாரைப் போல் சிரிக்கவைக்க எனக்கு வராது. குரலே எழும்பாமல் போகலாம். ஆனாலும் எதற்காக நிற்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

தெரியாதவர் போல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.