விட்டு விட்டு எரியும் சிவப்பு

டீ ஆறிவிட்டது, பரவாயில்லை மேடம். எனக்கு ஆறின டீதான் பழக்கம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் பதினேழு வருஷமாக ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறவளுக்குச் சூடான டீ எங்கே கிடைக்கும்? டம்ளரைக் கையில் எடுக்கும்போதுதான் யாராவது ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

நீங்கள் கேட்டது அந்த நோட்டைப் பற்றி. கையெழுத்து என்னுடையதுதான். வீணா என்று அட்டையில் எழுதியிருக்கிறதே, அது நான்தான். நோட்டு என் தங்கை ரூபினிக்காக எழுதியது.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், மேலே ஒரு தகரக் கூரை. வண்டி பழக எல்.எல்.ஆர். எடுக்க வருகிறவர்களுக்கு ஆன்லைனில் பதிந்து கொடுப்பேன். பரீட்சைக்கும் சொல்லிக் கொடுப்பேன். பதினைந்து கேள்வி, ஒரு கேள்விக்கு முப்பது விநாடி, பத்து சரியாக இருந்தால் பாஸ். சர்வர் தொங்கும். ஓடிபி வராது. வந்தால் கரண்ட் போகும். இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்கிற பையன்கள் தலைகீழ் முக்கோணத்தைக் காட்டி, "இது இன்னா சிம்பல்?" என்று கேட்பார்கள். கார் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வந்து கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் சொல்லிக் கொடுப்பேன். என்னிடம் படித்துவிட்டு உள்ளே போனவர்கள் யாரும் ஃபெயில் ஆனதில்லை. ஆபீஸ் வாட்ச்மேனைக் கேட்டாலும் சொல்வார்.

ரூபினி எனக்குப் பதினாறு வயது இளையவள். அம்மா சாகும்போது அவளுக்கு ஐந்து வயது. தொம்மலூரில் இப்போது இருக்கிற அதே வீட்டில்தான் அவளை வளர்த்தேன். கல்யாணம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இதைச் சொல்லிக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்குத் தலை பின்னிவிட்டது யார், டைபாய்டு வந்தபோது பக்கத்தில் படுத்திருந்தது யார் என்று நீங்கள் எப்படியும் விசாரிப்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

போன தை மாதம் அவள் ஒரு நோட்டீஸோடு வந்தாள். ரிங் ரோட்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஒரு டிரஸ்ட், பெண்களுக்கு எலக்ட்ரிக் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொடுத்து வண்டியும் தருகிறது. எல்.எல்.ஆர். இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஓட்டிக் கத்துக்கினா ஆனேக்கல் பக்கமே வண்டி தராங்களாம்க்கா. அங்கயே ஒரு ரூம் எடுத்துக்கறேன். இன்னும் எத்தினி நாளு என்னையே பாத்துக்கினு இருப்பே? உனக்கும் ஒரு லைஃப் வேணும்ல" என்றாள்.

"அங்க யாரு சமைப்பா?" என்று கேட்டேன்.

"நானே செஞ்சுக்கறேன்."

அவளுக்கு ஒரு ரசம் ஒழுங்காக வைக்கத் தெரியாது. மீதிக் காயை உரித்து முடித்தேன்.

இப்போதெல்லாம் பரீட்சையை வீட்டில் இருந்தே எழுதலாம். ரூபினியின் ஆதாரில் என் போன் நம்பர்தான் இருந்தது, ஓடிபி எனக்குத்தான் வரும். மூன்று நாள் வந்தது. மூன்று நாளும் வரவில்லை என்று சொன்னேன். களைத்துப்போய் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. லீவு போட்டு, வரிசையில் நின்று, ஆபீஸிலேயே எழுதுவதற்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தாள்.

எங்கள் ஆபீஸில் பரீட்சை கன்னடத்தில் அல்லது இங்கிலீஷில்தான், தமிழில் கிடையாது. ரூபினி எட்டாவது வரை தமிழ் ஸ்கூலில் படித்தவள். கன்னடம் சரளமாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். முப்பது விநாடியில் அவளால் ஒரு கேள்வியைப் படித்து முடிக்க முடியாது. "நீதான்க்கா எழுதிக் குடுக்கணும்" என்றாள். எழுதிக் கொடுத்தேன். கேள்வியில் வருகிற முக்கியமான கன்னடச் சொல்லைப் படம் போலப் பெரிதாக வரைந்து, எதிரே தமிழில் அர்த்தமும் பதிலும். சிக்னல், போர்டு எல்லாவற்றுக்கும் கலர் பென்சிலில் படம். நூற்றிருபது கேள்வி. பத்து நாள் சாயங்காலங்களில் உட்கார்ந்து எழுதினேன்.

அதில் ஐம்பதுக்குத் தப்பான பதில் எழுதினேன்.

கண்டபடி எழுதவில்லை. ஹெல்மெட், குடி, செல்போன், ஆம்புலன்ஸ் இவற்றைச் சரியாகவே விட்டேன், அது யாருக்கும் தெரியும். சந்தேகம் வரக்கூடிய இடங்களில் மட்டும் மாற்றினேன். ரவுண்டானாவில் யாருக்கு முதலில் வழி, ஏற்றத்தில் ஏறுகிற வண்டிக்கா இறங்குகிற வண்டிக்கா, சிவப்பு விட்டு விட்டு எரிந்தால் என்ன, மஞ்சள் எரிந்தால் என்ன. இந்த மாதிரி. பரீட்சையில் ஃபெயில் ஆக வேண்டும், அவ்வளவுதான். ரோட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பாஸ் ஆகாதவள் எப்படி ரோட்டுக்குப் போவாள்?

முதல் தடவை ஏழு. அடுத்தது எட்டு. மூன்றாவது மறுபடி ஏழு.

அந்த மூன்றாவது நாள் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு எழுத்து விடாம மனப்பாடம் பண்ணேன்க்கா. நோட்ல இருக்கறதத்தான் போட்டேன். எனக்கு மட்டும் ஏன் இப்டி?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அடிச்சுக்காத. எல்லாருக்கும் எல்லாமும் வந்துடாது" என்றேன். பக்கத்து ஹோட்டலில் மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படித் தூங்கினாள்.

ஆனாலும் விடவில்லை. காலையில் எழுந்தால் நோட்டு. குளித்துவிட்டு வந்தால் நோட்டு. என்னையே கேள்வி கேட்கச் சொல்வாள். நான் கேட்பேன், அவள் தப்பான பதிலைத் தப்பில்லாமல் ஒப்பிப்பாள், நான் சரி என்பேன். எனக்கு எவ்வளவு அலுப்பாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

லட்சுமம்மா என் கடைக்கு ஒருமுறை வந்தார். டிரஸ்டில் ஓட்டிப் பழக்குகிறவர். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். "உங்ககிட்ட படிச்சவங்க யாரும் ஃபெயில் இல்லைன்னு சொல்றாங்க. சொந்தத் தங்கச்சிக்கு மட்டும் ஏன்மா வரமாட்டேங்குது?" என்றார். நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படங்களைத் தடவிப் பார்த்து, "எவ்ளோ பொறுமை உங்களுக்கு. இந்த மாதிரி அக்கா எனக்கு இருந்திருந்தா நான் என்னவோ ஆகியிருப்பேன்" என்று சொன்னார். ரூபினிக்காக இன்னொரு பதினைந்து நாள் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மாதிரி. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது தடவை ரூபினி பத்து வாங்கினாள். நான் மாற்றாத கேள்விகளாகப் பார்த்து வந்துவிட்டன போலிருக்கிறது. கடைக்கு ஓடி வந்து, ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் எதிரிலேயே என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். "எல்லாம் உன் நோட்டுதான்க்கா" என்றாள்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். யோசித்தேன். ஒரு பக்கத்தில் தவறிவிட்டது என்றால் நம்புவாள். ஐம்பது தவறை என்ன சொல்லி விளக்குவது? சொந்தத் தங்கையிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? மேலும், ஓட்டிப் பழக்கும்போது லட்சுமம்மா எல்லாம் சொல்லிக் கொடுப்பார்தானே. அது அவர் வேலை. இப்படி நினைத்து விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ரூபினி அதே நோட்டோடு வந்தாள். டிரஸ்டில் சேரக் காத்திருக்கிறவர்களில் இன்னும் மூன்று பேர் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களாம். அவர்களுக்கு ஜெராக்ஸ் வேண்டும். வாசலில் ஐந்தாறு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், வெயில் வேறு. முடியாது என்பதற்கு என்ன காரணம் சொல்வது? போட்டுக் கொடுத்தேன். மூன்று செட். நடுவில் சில பக்கம் மங்கலாக விழுந்தது. அவற்றைத் திரும்பப் போட்டேன்.

ஒன்றரை மாதம் அவள் வண்டி பழகினாள். தினம் வந்து சொல்வாள், இன்றைக்கு ரிவர்ஸ் எடுத்தேன், இன்றைக்கு மேம்பாலம் ஏறினேன் என்று. நான் கேட்டுக்கொள்வேன். சொன்னவரைக்கும் ஒரு தவறும் இல்லை. மைதானத்திலும் காலி ரோட்டிலும் தவறு எங்கிருந்து வரும்?

போன வியாழக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். காலை ஐந்தே முக்கால். டிராஃபிக் இல்லாத நேரம் என்று லட்சுமம்மா அவளை மெயின் ரோட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அடுகோடி தாண்டி அந்தச் சந்திப்பில் இவள் வந்த பக்கம் சிவப்பு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அது முழுசாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போக வேண்டிய சிக்னல். ரூபினி வேகத்தைக் குறைத்தாள், நிற்கவில்லை. நோட்டின் பதினெட்டாம் பக்கத்தில் நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். விட்டு விட்டு எரிந்தால் மெதுவாக, நிற்காமல் கடக்கவும். பக்கவாட்டில் தண்ணீர் டேங்கர் வந்தது. லட்சுமம்மா "நில்லு, நில்லு" என்று கத்தியதாக ரூபினி சொல்கிறாள். "நிக்கக் கூடாது மேடம்" என்று அவள் பதில் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் அவகாசம் இருந்தது.

லட்சுமம்மாவின் உயிர் அங்கேயே போய்விட்டது. டேங்கர் டிரைவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்மேல் தவறில்லை.

ரூபினிக்கு இடுப்பிலும் வலது காலிலும் முறிவு. நினைவு வந்ததும் என்னிடம் அவள் முதலில் சொன்னது, "நான்தான் மாத்திப் படிச்சிட்டேன் போல இருக்குக்கா. உன் நோட்டுல தப்பு இருக்காதே." நான் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். அவள் சொன்னதை மறுக்கவில்லை. மறுநாள் உங்கள் ஏட்டு வந்து கேட்டபோதும் அவள் அதையே சொன்னாள், நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் நோட்டைத் தமிழ் தெரிந்த யாரிடமாவது காட்டியிருப்பீர்கள். இல்லையென்றால் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். அதனால் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. தெரிந்தேதான் எழுதினேன். பாஸ் ஆன பிறகும் தெரிந்தேதான் சும்மா இருந்தேன். ஜெராக்ஸும் தெரிந்தேதான் போட்டேன். அந்த மூன்று பேரில் இரண்டு பேர் ஃபெயிலாகி விட்டுவிட்டார்கள். மகா என்கிற பெண் மட்டும் பாஸ் ஆகி ஆனேக்கல் பக்கம் பழகிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இருப்பதைச் சீக்கிரம் வாங்கிவிடுங்கள். நம்பர் தருகிறேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ரூபினியிடம் இதைச் சொல்ல வேண்டாம், என்னையும் ரொம்ப நாள் இங்கே வைத்திருக்க வேண்டாம். அவள் எழுந்து நடக்க ஒரு வருஷமாவது ஆகும், அதற்கு மேலும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேளைக்குச் சாப்பாடு ஊட்டி, உடம்பு துடைத்து, தலை பின்னிவிட வேண்டும். நீங்களே சொல்லுங்கள் மேடம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?