தலையணைக்கு அடியில் இருந்த படம்

ஹலோ... அக்காதான்டா பேசறேன்... இரு, வராந்தாவுக்கு வந்துடறேன், உள்ள ஆபீசர் மேடம் உக்காந்திருக்காங்க... ம், சொல்லு சின்னவனே... இல்ல, இன்னும் முடியல. அஞ்சு நிமிஷம் கேட்டுட்டு வந்திருக்கேன்.

...ஐயோ, ஹோமை விட்டு உன் அண்ணனை யாரும் துரத்தலடா! எத்தனை தடவை சொல்றது? புதுச் சட்டம். கேளு. பழைய சட்டத்துல உதவி கட்டிலுக்குத்தான், ஆளுக்கு இல்ல. அவன் இந்தக் கட்டில்ல இருக்கற வரைக்கும் குளிப்பாட்ட, ஊட்டிவிட ஆள் உண்டு. கேட்டைத் தாண்டினா கிடையாது. புதுச் சட்டத்துல உதவி ஆளோட போகுது. எந்த வீட்டுல இருக்கானோ அங்க உதவியாளர் வருவாங்க... ஆமா... ஆமா ஆமா, வாரத்துக்கு நாப்பத்திரண்டு மணி நேரம்.

...அதுதான் இதுல அழகே! எங்க இருக்கணும்னு நீயோ நானோ எழுத முடியாது. அவனே சொல்லணும்... பேச வராதுன்னா? அதுக்கும் வழி இருக்கு. படம் வெப்பாங்க. ஒண்ணு, இந்த ஹோம். ஒண்ணு, குடும்பம், என் வாசலைத்தான் போட்டோ எடுத்துக் குடுத்தேன். இன்னொண்ணு, தனி வீடு, உதவியாளரோட. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, படி இல்லாம சக்கர நாற்காலி நேரா உள்ள போற மாதிரி. எதுல விரல் வெக்கறானோ அதுதான் பதில். இன்னிக்குப் பதியலன்னா அடுத்த வருஷம்தான்.

...எங்க வெச்சான்! தள்ளி விடறான்டா. எடுத்து வெச்சா திரும்பவும் தள்ளறான். மேஜையைத் தடவித் தடவித் தேடறான்... காச்சல்லாம் இல்ல. ரெண்டு படத்தையும் மூணு தடவை...

...என்னது?

...ரெண்டுன்னா சொன்னேன்?

...கத்தாத. கத்தாதடா, பக்கத்துல ஆள் இருக்காங்க... மூணாவது படம் என் பையில இருக்கு. ஆமா. நான்தான் எடுத்தேன்.

...நீ பேசுவ! நீ எங்கயோ தூரத்துல இருக்க. பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமையானா நான்தானே வர்றேன்? அவனுக்காக என் வீட்டு வாசலை இடிச்சு அகலமாக்கிட்டேன். பாத்ரூம்ல கைப்பிடி வெச்சாச்சு. அவன் தனியா... அடுப்பு இருக்கு, எவனாவது கதவைத் தட்டுவான்... "அதுக்குத்தானே உதவியாளர்"னு எனக்கே பாடம் எடுக்கறியா? நான் சொல்லிக் குடுத்ததுடா அது!

...தெரியும். அவனுக்குத் தெரியும். போன வாரம் மேடம் மூணு படத்தையும் ஒரு தடவை காட்டிட்டுப் போனாங்க. தனி வீட்டுப் படத்தை மட்டும் அவன் திருப்பித் தரலயாம். நர்ஸம்மா சொல்லிச் சிரிச்சாங்க. தலையணைக்கு அடியில வெச்சிருந்தான். காலையில அவன் குளிக்கப் போனப்போ அங்கேருந்துதான்...



...திட்டறியா? திட்டிக்கோ.

...ம்... ம்... நான் என்ன அவனுக்குக் கெடுதலா நினைச்சேன்?... சரி. சரிடா. அழல, சும்மா இரு.

இதோ வந்துட்டேன் மேடம்!... இல்ல மேடம், படம் தொலையல. என்கிட்டதான் இருக்கு. நானே அவன்கிட்ட குடுக்கறேன்.

...சின்னவனே, கதவு திறந்திருக்கு. பாக்கறான்டா... என்னை இல்ல. என் பையை... வெக்கறேன்.