கைதான் சரியில்ல

— இல்லண்ணே, நீங்களே உக்காந்து ஒரு தையல் ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் என் கையைக் குறை சொல்லுங்க.

— அட விடும்மா. டெஸ்ட்டுக்கு மணி அடிக்கப் போறாங்க. இப்பப் போயி மெக்கானிக்கைக் கூப்பிட்டு உக்கார வைக்கிற. போன தடவையும் இதே பாட்டு, அதுக்கு முந்தின தடவையும் இதே பாட்டு.

— ரெண்டு தடவையும் இதே ஏழாம் நம்பர் மெஷின்தானே? இந்தத் தையல் லைன் முழுக்க இதுக்கு மாமியார்னு பேரு. வருஷம் பூரா முனகிக்கிட்டாவது ஓடும். நான் சூப்பர்வைசர் டெஸ்ட்டுக்கு உக்கார்ற அன்னைக்கு மட்டும் அதுக்கு எங்கிருந்துதான் வீம்பு வருமோ. முதல் தடவை ஊசி ஒடிஞ்சு என் நகத்துல ஏறுச்சு. இந்தா, இன்னும் நேரா முளைக்கல பாருங்க.

— அது கவனக் குறைவு.

— ரெண்டாவது தடவை காலர்ல பாதிக்குப் பாதி தையல் விட்டுப் போச்சு. மேனேஜர் அதைத் தூக்கிப் புடிச்சு, இது காலரா கொசுவலையான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும்தான் சிரிச்சீங்க.

— பதினெட்டு வருஷமா மெஷினோட குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா? மெஷின் மேல குத்தம் இல்ல. கைதான் சரியில்ல.

— இதையேதான் மேனேஜர்கிட்டயும் சொன்னீங்க.

— உள்ளதைச் சொன்னேன்.

— முதல் தடவை நானும் நம்பினேன் அண்ணே. கண்ணுதான் மங்குதோன்னு போயி கண்ணாடி வாங்கினேன். பழைய துணியில கோடு போட்டு, வீட்டுல உக்காந்து சின்னப் புள்ள எழுதிப் பழகுற மாதிரி தச்சுப் பழகினேன். இன்னைக்கு மூணாவது தடவை. இதுலயும் தோத்தா லிஸ்ட்டுல இருந்து பேரை எடுத்துடுவாங்க, சாகுற வரைக்கும் எனக்கு இந்த ஸ்டூல்தான். அதனால உக்காருங்க.

— கையெல்லாம் எண்ணெய்ம்மா. துணி அழுக்காயிடும்.

— அழுக்குத் துணிதான் வச்சிருக்கேன். இல்ல, மேனேஜரைக் கூப்பிட்டு அவர் எதிர்லயே ஓட்டுறீங்களா?

— அவர் எதுக்கு? நகரு, நகரு. ஆனா ஒண்ணு. பழைய மெஷின், காலையில இருந்து சும்மா நின்னிருக்கு. ஒரு தையல் ரெண்டு தையல் முன்னப் பின்ன இருந்தா அதையே புடிச்சுக்கிட்டுத் தொங்காத.

— மிதிங்க அண்ணே. ம். இன்னும் கொஞ்சம். என்ன, நிறுத்திட்டீங்க?

— ஓடுதே.

— ஓடக் கூடாதா?

— இல்ல... ஒரு தையல்கூட விடலியே.

— மெஷின் நல்லா ஓடுனா மெக்கானிக்குக்குச் சந்தோஷம் வரணும். உங்களுக்கு ஏன் பேயடிச்ச மாதிரி ஆகுது? எதுக்கு மெஷினைச் சாய்ச்சு அடியில எட்டிப் பாக்குறீங்க?

— சும்மாதான். அந்த ஸ்க்ரூ...

— எந்த ஸ்க்ரூ? நான் ஸ்க்ரூவைப் பத்தி வாயே தொறக்கலியே.

— அது வந்தும்மா...

— நானே சொல்லிடுறேன். அடியில சுத்துற கொக்கியைப் புடிச்சிருக்கிற ஸ்க்ரூ. ஊசி இறங்குற நேரம் பாத்து கொக்கி வந்து நூலைப் புடிக்கணும். அதை ஒரு மயிரிழை தள்ளி வச்சுட்டா, எப்பேர்ப்பட்ட கொம்பன் வந்து உக்காந்தாலும் தையல் விடும். போன டெஸ்ட் அன்னைக்குக் காலையில அந்த ஸ்க்ரூ மேல என் மகளோட நகப்பாலிஷால ஒரு கோடு போட்டு வச்சேன். ஸ்க்ரூல பாதி, பக்கத்து இரும்புல பாதி. சாப்பிட்டுட்டு வந்து பாத்தா ஒரு பாதி கிழக்க பாக்குது, இன்னொரு பாதி மேற்க பாக்குது.

— அப்பவே பாத்துட்டியா? யார்கிட்டயும் சொல்லல?

— பாத்த உடனே மணி அடிச்சுட்டாங்க. அப்புறம் சொன்னா யாரு நம்புவா? தோத்தவ சாக்கு சொல்றான்னுவாங்க. நம்புற ஆளா பாத்து ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னேன்.

— மெதுவாப் பேசும்மா. யார் காதுலயாவது விழப் போகுது.

— பதினோரு வருஷமா வாய் நெறைய அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டேன். லைட்டை அணைச்சுட்டு எல்லாரும் சாப்பிடப் போற நேரம் பாத்து வந்து என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டிருக்கீங்க. ஏன் அண்ணே? நான் உங்களை என்ன பண்ணினேன்?

— உன்மேல எனக்கு ஒரு பகையும் இல்லம்மா. சத்தியமா இல்ல. உங்க அண்ணிக்காகத்தான். அவளும் எட்டு வருஷமா பன்னெண்டாம் நம்பர் மெஷின்ல கெடக்குறா. முதுகு போச்சு. ரெண்டு தடவையும் நேரம் பத்தாமத் தோத்தா. அவளுக்கும் இதுதான் கடைசி. இருக்கிறதும் ஒரே இடம். உன் வேகத்துக்கு அவளால ஈடு குடுக்க முடியாது. அவ கையைப் பத்தி எனக்குத் தெரியாதா?

— அதனால இன்னைக்கும் வந்து திருகிட்டீங்க.

— திருகினேன்மா. அரை மணி முன்னாடி, இதே கையால. அப்புறமும் இது எப்படி ஓடுதுன்னுதான் எனக்குப் புரியல.

— எதைப் பாத்துத் திருகினீங்க?

— எதைப் பாத்துன்னா? டெஸ்ட்டுக்குன்னு ரெண்டு மெஷினையும் காலையில இழுத்துட்டு வந்து இங்க ஒண்ணு, ஜன்னல் ஓரமா ஒண்ணுன்னு போட்டாங்க. ரெண்டும் ஒரே மாடல், ஒரே பச்சை. லைட் வேற இல்ல. நம்பர் பலகையைத் தடவிப் பாத்தேன். ஏழு. ஜன்னல் ஓரமா இருந்துச்சு... இரு. ஜன்னல் ஓரமா இருந்துச்சே?

— அந்தப் பலகைக்கு ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ அண்ணே. கழட்ட ஒரு காசு போதும். நீங்க வர்றதுக்கு முன்னாடி ஏழு அங்க போச்சு, பன்னெண்டு இங்க வந்துச்சு. நீங்க போனதும் அததுங்க வீட்டுக்கு அததுங்க திரும்பிடுச்சு.

— அப்ப நான் திருகினது?

— பன்னெண்டு. அதோ, அண்ணி அதுலதான் உக்காந்திருக்காங்க.

— அடிப் பாவி! அவளுக்கு இதுல ஒண்ணுமே தெரியாதும்மா. உன் விரல்ல ஊசி ஏறினப்ப தன் கைக்குட்டையைக் கிழிச்சுக் கட்டினவ அவதானே? அவளையா பழி வாங்குற?

— கட்டினாங்க. மறக்கல.

— வழியை விடு. நான் போயி சரி பண்ணிடுறேன்.

— எவ்வளவு நேரம் ஆகும்?

— இருபது நிமிஷம்.

— டெஸ்ட்டே பதினஞ்சு நிமிஷம்தான். இந்தா, மணியும் அடிச்சாச்சு. மேனேஜர் கடிகாரத்தைக் கையில புடிச்சுக்கிட்டு அண்ணி பக்கத்துலதான் நிக்கிறாரு. போயி என்னன்னு சொல்வீங்க? எந்திரிடி, உன் மெஷினை நானே கெடுத்து வச்சிருக்கேன்னா?

— உன் காலைப் புடிச்சுக் கேக்குறேன். உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?

— இருந்துச்சு. கொசுவலைக்குச் சிரிச்சீங்க பாருங்க, அன்னைக்குப் போச்சு. இனிமே ஒரே வழிதான். மேனேஜர்கிட்ட நேராப் போயி, மூணு டெஸ்ட்டுலயும் என்னென்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க. நிறுத்தி, வேற மெஷின் போட்டு, ரெண்டு பேருக்கும் முதல்ல இருந்து வைப்பாரு.

— என் வேலை போயிடும்மா.

— என் சான்ஸ் போறப்ப இந்த வருத்தம் வரலியே? சரி, சொல்ல வாய் வரலேன்னா சும்மா நில்லுங்க. அண்ணி தோக்கட்டும். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல, என் மெஷின் வெண்ணெயா ஓடுது.

— என்னங்க!

— அண்ணி கூப்பிடுறாங்க அண்ணே. போங்க. நானும் கூடவே வர்றேன், கேக்கணும்ல?

— என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க. தையல் விட்டு விட்டுப் போகுது. என்ன கோளாறுன்னு மேனேஜர் கேக்குறாரு. நீங்களே சொல்லுங்க.

— அது... அது வந்து சார்... நேத்துதான் எண்ணெய் விட்டுப் பாத்தேன். மெஷின் மேல குத்தம் ஒண்ணும் இல்ல சார். இவளுக்குக் கொஞ்சம் படபடப்பு. கைதான்...

— ஏன் நிறுத்திட்டீங்க? முழுசா சொல்லுங்க. உங்களைக் காட்டிக் குடுப்பீங்களா, கட்டின பொண்டாட்டி என்னைக் காட்டிக் குடுப்பீங்களான்னு பாக்கத்தான் நான் இதுல வந்து உக்காந்ததே. நீங்க சொல்றது சரிதாங்க, என் கை சரியில்லதான். மத்தியானம் அந்த ரெண்டு பலகையையும் மாத்தி மாட்டினது இந்தக் கைதான்.